100 கிராமா, ஒரு தேக்கரண்டியா?

உணவுச் சத்து அட்டவணையைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 100 கிராம் கறித்தூளில் ஏறத்தாழ 19 மில்லிகிராம் இரும்புச்சத்து உண்டு. அதே அளவு பச்சை முருங்கையிலையில் 4 மில்லிகிராம்தான். அப்படியானால் கீரையை விடக் கறித்தூள் சிறந்ததா?

இல்லை. தூள் உலர்ந்த பொருள். இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதனால்தான் எடைக்கு எடை ஒப்பிடும்போது தூள் முந்துகிறது. ஆனால் 100 கிராம் தூளை யாரும் உண்பதில்லை. ஒரு தேக்கரண்டித் தூள் சுமார் 2 கிராம்; அதிலுள்ள இரும்பு 0.4 மில்லிகிராம். அதையும் முழுக் குடும்பமும் பங்கிட வேண்டும். 50 கிராம் முருங்கையிலையோ ஒருவருக்கே 2 மில்லிகிராம் தரும்.

தாவர உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்ச விற்றமின் 'சி' உதவும். இலையில் அது நிறைய உண்டு. தூளில் மிகக் குறைவு. சூட்டில் அதன் ஒரு பகுதி அழிவதால், சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கிய பின் தேசிக்காய் பிழிவது நல்லது. சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும். ஒரு மணி நேரம் பொறுக்கலாம்.

மாதந்தோறும் இரும்பை இழக்கும் எம் வயதுப் பெண்களுக்கு இது சிறிய விடயமல்ல. தூள் கறிக்கு மணம் தரட்டும். பீங்கானில் கீரைக்கும் இடம் இருக்கட்டும்.