வேலியே பயிரை மேய்ந்தால்…

என் அப்பத்தா புகையிலை போடாத நாளில்லை. ஒருநாள் சோறு இறங்கவில்லை என்றார். பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. உணவுக்குழாயில் புற்றுநோய் என்றனர் மருத்துவர்கள். "நான் என்ன பாவம் செய்தேன்?" என்று கேட்டார். பாவமன்று, வேதியியல் என்பதை இக்கல்லூரிக்கு வந்தபின்தான் அறிந்தேன்.

உடலில் புகும் மருந்தையும் நஞ்சையும் நீரில் கரையும்படி மாற்றி வெளியேற்ற உதவும் நொதிகள் நமக்குண்டு. அவற்றுள் முதன்மையான குடும்பம் சைட்டோகுரோம் பி-450. 1962-இல் ஜப்பானிய அறிஞர்கள் ஒமுராவும் சாட்டோவும் இட்ட பெயர் இது. கார்பன் மோனாக்சைடுடன் சேர்கையில் 450 நானோமீட்டர் ஒளியை உட்கவர்வதால் வந்தது அவ்வெண்.

புகையிலையிலுள்ள நைட்ரோசோநார்நிக்கோட்டின் தானாக டி.என்.ஏ.வைத் தாக்குவதில்லை. இந்நொதிகள் அதில் ஆக்சிஜனைச் சேர்த்ததும், அது வினைமிகு பொருளாகி டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்கிறது. ஆம்! காக்க வந்த நொதியே நஞ்சைக் கூர்தீட்டி விடுகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-இல் வெளியிட்ட தொகுதியில், இப்பொருள் மனிதருக்குப் புற்று விளைவிப்பது என்று வகைப்படுத்தியது.

நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அது நம் கையில் இல்லை. வாயில் போடுவது நம் கையில் உள்ளதன்றோ? நண்பர்களே, அப்பத்தாவின் சுருக்குப்பையில் இருந்த புகையிலை இன்று என் தந்தையின் மடியில் இருக்கிறது. இந்த விடுமுறையில் அவரருகே அமர்ந்து இதைச் சொல்லப்போகிறேன்.