சிமென்ட்டுக்கும் குளிரும்!

வரதராஜன்பேட்டை முந்திரித் தோப்புகளைத் தாண்டி, அரியலூர் பக்கம் பஸ்ல போயிருக்கீங்களா? சுண்ணாம்புக்கல் லாரிகள் கண்ணுல படும். அந்தக் கல்லுல செய்யற சிமென்ட்டுக்குக் குளிர்னா ஆகாது, தெரியுமா?

வட கனடா மாதிரி உறைபனி பூமியில, தாது தோண்டின பள்ளத்தைச் சுரங்கக் கழிவு, தண்ணீர், சிமென்ட் கலந்த கூழால அடைப்பாங்க. 5 டிகிரிக்குக் கீழே போனா சிமென்ட் இறுகறது ரொம்ப மெதுவாகிடும். தண்ணீர் உறைஞ்சா சுமார் 9 சதவிகிதம் உப்பிடும். உறைஞ்ச கூழ் பாறை மாதிரி நிக்கும். உருகினா பொலபொலன்னு உதிரும். பக்கத்துல ஆள் வேலை பார்த்தா..?

மருந்து? வெந்நீர்ல கலக்கலாம். சீக்கிரம் இறுக கால்சியம் குளோரைடு சேர்க்கலாம். ஆனா, அது இரும்பை அரிக்கும்.

ஸோ பாஸ்... 'கான்க்ரீட் டெக்னாலஜி'யில அரியர் வைக்காதீங்க. நாளைக்கு நாம போடற கணக்கை நம்பித்தான் ஒருத்தர் பூமிக்கு அடியில நிப்பார்!