65,437 வரிசைகளுக்குள் ஒரு நுழைவு

வருஷா வருஷம் ‘முதலிடம் பிடித்த புரோகிராமிங் மொழி’ என்று செய்தி வருகிறதே, அது உருவாகும் இடத்துக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம் தெரியுமா? புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2011 முதல் நடத்திவரும் கருத்துக்கணிப்பின் மூலத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. 2024-ஆம் ஆண்டுக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

அடேயப்பா! 65,437 வரிசைகள். ஒரு வரிசைக்கு ஓர் ஆள். பெயர் கிடையாது; நாடு உண்டு, அனுபவம் உண்டு, சொல்ல மனம் வந்தவர்களின் சம்பளம்கூட உண்டு. ஒரு கட்டத்தில் அவரவர் பயன்படுத்திய மொழிகள், அரைப்புள்ளி போட்டுப் போட்டு நீள்கின்றன. ஒருவரே பல மொழிகளை டிக் செய்யலாம்; அதனால்தான் ஜாவாஸ்கிரிப்ட் 62 சதவீதம், பைத்தான் 51 சதவீதம் என்று கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. கேள்வியோ, கடந்த ஆண்டில் ‘நிறைய’ வேலை செய்த மொழிகள் எவை என்பது. எவ்வளவு செய்தால் நிறைய? அதைப் பதில் சொல்பவரே முடிவு செய்துகொள்கிறார்!

சரி, இத்தனை பேரும் எப்படி வந்தார்கள்? அதையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள்: பெரும்பாலும் தங்கள் தளத்து அறிவிப்பு, மின்னஞ்சல், சமூக ஊடகம் வழியாக. ஆக, அந்தப் பக்கம் அடிக்கடி போகிறவர் கண்ணில்தான் அது அதிகம் படும். ஆட்களை இன்னும் பத்து மடங்கு கூட்டினாலும் இந்தச் சாய்வு அப்படியே இருக்கும். இதை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு, கோபோல் என்ற பழைய மொழியைப் பாருங்கள். பட்டியலின் அடியில், நூற்றுக்கு ஒருவர் அளவில் கிடக்கிறது. ஆனால் 2020 ஏப்ரலில் வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்தபோது, பழைய அரசுக் கணினிகளைத் தாங்கிப் பிடிக்க கோபோல் தெரிந்தவர்கள் வேண்டும் என்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி பகிரங்கமாகக் கேட்டாரே!

என்னைத் துள்ள வைத்தது ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் கணிப்பு. புரோகிராமர்களுக்கான மென்பொருள் விற்பவர்கள் என்பதால், சொந்த வாடிக்கையாளர்களே திரண்டு வந்து பதில் சொல்லிவிடும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. அதற்காகவே பதில்களுக்கு எடை போட்டுச் சரிசெய்கிறார்கள். மின்னல் வேகத்தில் நிரப்பிய படிவங்களைத் தூக்கிப் போடுகிறார்கள். வயது இருபது, அனுபவமோ பதினாறு வருஷத்துக்கு மேல் என்பதுபோல் முரண்படும் பதில்களுக்கும் அதே கதிதான். என்ன அருமையான கவனம்!

டியோபி என்ற மொழித் தரவரிசைப் பட்டியலோ யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. மொழியின் பெயரோடு ‘புரோகிராமிங்’ என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினால் தேடுபொறிகளில் எத்தனை பக்கங்கள் வருகின்றன என்று எண்ணுகிறது, அவ்வளவே.

இப்போது மறுபடி அந்த 2024 கோப்புக்கு வாருங்கள், ஒரு வேடிக்கை காட்டுகிறேன். மொத்தக் கூட்டத்தில் பைத்தானும், தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லும் கிட்டத்தட்ட சமம். மாணவர்களையும் பொழுதுபோக்குக்காரர்களையும் வடிகட்டிவிட்டு, இதையே பிழைப்பாகக் கொண்டவர்களை மட்டும் வைத்துப் பாருங்கள். எஸ்க்யூஎல் 54 சதவீதத்துக்கு ஏறுகிறது. பைத்தான் 47-க்கு இறங்குகிறது. ஒரே கோப்பு, ஒரே ஒரு வடிகட்டல்!