விவாகரத்தும் பிள்ளையும்: கோர்ட்டு எதைப் பார்க்கிறது?

கல்யாணம் கும்பகோணத்தில், குடித்தனம் டெல்லியில். சில வருஷங்களில் மனக்கசப்பு முற்றி, மனைவி குழந்தையுடன் மதுரையில் உள்ள பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறார். கேஸ் எந்த ஊரில் நடக்கும்? பிள்ளை யாரிடம் வளரும்? வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்கள் இதை வாய்விட்டுக் கேட்கவே கூச்சப்படுகின்றன. இந்து திருமணச் சட்டத்தின்கீழ் வருபவர்களுக்கு நிலைமை என்ன என்று பார்ப்போம்.

எந்த ஊர் கோர்ட்டு?

1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, திருமணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பினர் வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகிய எதிலும் மனு போடலாம். 2003-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மனைவி தாம் இப்போது வசிக்கும் ஊரிலும் போடலாம். ஆகவே மேலே சொன்ன மனைவி மதுரையிலேயே வழக்குத் தொடுக்க முடியும். கணவர் முந்திக்கொண்டு டெல்லியில் போட்டுவிட்டால், மாநிலம் விட்டு மாநிலம் மாற்றும்படி உச்ச நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

இருவரும் சம்மதித்தால்?

ஒரு வருஷம் பிரிந்திருந்தால் சேர்ந்தே மனு கொடுக்கலாம். அதன்பின் 6 மாதக் காத்திருப்பு உண்டு. சமரசத்துக்கு வழியே இல்லாத வழக்குகளில் இதைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒருவர் மறுத்தால், கொடுமை, 2 வருஷம் கைவிட்டிருத்தல் போன்ற காரணங்களை நிரூபித்தாக வேண்டும்.

பிள்ளை யாருக்கு?

"பையன் என்றால் அப்பாவுக்குத்தான்" என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956-ஆம் ஆண்டு இளவர் காப்பாளர் சட்டப்படி, 5 வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும். எந்த வயதானாலும் குழந்தையின் நலனே முதன்மை. தாயும் இயற்கைக் காப்பாளரே என்பதை 1999-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்த வழக்கைத் தொடுத்தவர் எழுத்தாளர் கீதா ஹரிஹரன்.

கணவன் மனைவியரில் யார்மேல் தப்பு என்பது வேறு, பிள்ளை எங்கே நன்றாக இருக்கும் என்பது வேறு. பள்ளிக்கூடம், உடல்நலம், வீட்டில் கவனித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் நீதிபதி விசாரிப்பார். விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால், தம் அறைக்கு அழைத்துப் பேசுவதும் உண்டு. சம்பளம் அதிகம் என்பதால் மட்டும் ஒருவர் ஜெயித்துவிட முடியாது. குறைவாகச் சம்பாதிக்கும் தாயிடம் பிள்ளையை விட்டு, செலவைத் தகப்பனார் தரும்படி உத்தரவிடலாம்.

காப்புரிமைக்குத் தனியாக மனு போட்டால், 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர்க் கோர்ட்டே விசாரிக்கும். ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையை ரயிலேற்றிவிட்டால் மட்டும் போய்ச் சேர்ந்த ஊர் அந்த ஊராகிவிடாது.

பிள்ளை யாரிடம் இருந்தாலும் மற்றவருக்குப் பார்க்கும் உரிமை உண்டு. தூரத்தில் இருப்பவர் வீடியோவில் பேசவும் வழி செய்ய வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. லீவு நாட்களைப் பங்கிட்டுக் கொடுப்பதும் வழக்கம்.

காப்பு உத்தரவு கல்லில் எழுதியதல்ல. நிலைமை மாறினால் மாற்றக் கேட்கலாம். ஆனால் கோர்ட்டு அலையும் நாட்களில் பிள்ளை வளர்ந்துவிடுகிறது. கணவன் மனைவி உறவை நீதிமன்றம் முறித்துவைக்கலாம். அப்பா, அம்மா என்ற உறவை எந்தத் தீர்ப்பும் முறிப்பதில்லை. பிள்ளையின் காதில் மற்றவரைப் பற்றிக் குறை ஓதாமல் இருப்பதே நாம் அதற்குச் செய்யக்கூடிய முதல் உதவி.