கொத்தமங்கலத்தில் ஒரு நூல்கடை இருந்தால்...

பேரப்பிள்ளைக்குத் தொட்டில் போர்வை. முக்கால்வாசி முடிந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு உருண்டை இருந்தால் ஓரம் கட்டி முடித்துவிடலாம். அந்த நேரம் பார்த்து நூல் தீர்ந்துபோகிறது. பழைய லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு காரைக்குடிக்கு பஸ் ஏறி, அதே கம்பெனி, அதே நம்பர், அதே ரோஸ் என்று கேட்டு வாங்கி வந்து, ராத்திரி டியூப்லைட்டில் உட்கார்ந்து பின்னி, காலையில் முற்றத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால்... போர்வையின் குறுக்கே கோடு போட்டதுபோல் தெரிகிறது. முக்கால் பங்கு ஒரு ரோஸ், மீதிக் கால் பங்கு வேறு ரோஸ்!

குரோஷா ஊசி பிடித்த யாருக்கும் இந்த வயிற்றெரிச்சல் தெரியும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. நூலை ஒரு தொட்டி அளவுக்குத்தான் ஒரே தடவையில் சாயம் போட முடியும். அடுத்த தொட்டிக்கு அதே கணக்கில் சாயம் கலந்தாலும் தண்ணீர், சூடு, நேரம் இவற்றில் ஏதாவது ஒன்று இம்மியளவு மாறினாலே நிறமும் மாறும். அதனால்தான் லேபிளின் மூலையில் கலர் நம்பருக்குப் பக்கத்தில் ‘லாட்’ என்று இன்னொரு எண் இருக்கிறது. சாய எண். அதைப் பார்த்து வாங்குகிறவர்கள் குறைவு. பார்த்து விற்கிறவர்கள் அதைவிடக் குறைவு.

பின்னல்காரர்களுக்குப் பொருத்தமான ஒரு கடை எப்படி இருக்க வேண்டும் என்று கற்பனை செய்யத் தொடங்கினால், முதலில் வந்து நிற்பது இந்த எண்தான்.

நம் ஊர்களில் இப்போது நூல் எங்கே கிடைக்கிறது? ஃபேன்சி ஸ்டோரில், வளையலுக்கும் ஹேர்பின்னுக்கும் நடுவில். இல்லையென்றால் தையல் சாமான் கடையில், ஜிப்புக்கும் லைனிங் துணிக்கும் மேலே, கொக்கி போட்டு எடுக்கும் உயரத்தில், பாலிதீன் பையில் கட்டி. ‘பிரிச்சுப் பார்க்கக் கூடாதும்மா’ என்ற ஒரு வார்த்தையும் கூடவே வரும். நூலைத் தொட்டுப் பார்க்காமல் வாங்குவது, முறுக்கிப் பார்க்காமல் முருங்கைக்காய் வாங்குகிற மாதிரி. ஆன்லைனில் வாங்கலாம்தான். ஆனால் போன் திரையில் தெரிகிற மயில் கழுத்து நிறம் பார்சலில் வரும்போது பச்சையா நீலமா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

பின்னுகிறவர்கள் இல்லாததால்தான் கடை இல்லை என்றும் சொல்ல முடியாது. எண்பதுகளில் டிவி கவர், வாசல் தோரணம், சாமி படத்துக்கு உல்லன் மாலை என்று பின்னித் தள்ளிய தலைமுறை இன்னும் வீடுகளில் இருக்கிறது. ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்’ என்ற குழு, சுபஸ்ரீ நடராஜன் முன்னின்று நடத்த, 2016 ஜனவரியில் சென்னையில் உலகின் மிகப் பெரிய குரோஷா போர்வையை விரித்து கின்னஸ் சாதனை படைத்தது. பரப்பு 11,148.5 சதுர மீட்டர். அதாவது இரண்டே முக்கால் ஏக்கர்! வெவ்வேறு வீடுகளில் உட்கார்ந்து பின்னிய துண்டுகளைச் சேர்த்து வந்த போர்வை அது.

சரி, கடையைக் கொத்தமங்கலத்தில் வைப்போமே. ‘தில்லானா மோகனாம்பாள்’ எழுதிய சுப்பு தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்ட ஊர். காரைக்குடியைச் சுற்றியுள்ள நகரத்தார் ஊர்களில் ஒன்று. இங்கே ஏன் என்றால் ஒரு காரணம் உண்டு. செட்டிநாட்டு ஆச்சிகளுக்கு விரல்வேலை புதிதல்ல. பனை ஓலையைக் கிழித்து, சாயம் போட்டு, வீட்டு விசேஷங்களுக்கான கொட்டான்களை அவர்களே முடைந்தார்கள். முடைந்ததோடு விடவில்லை, அதன்மேல் பாசி கோத்தார்கள், குரோஷாவில் உறை பின்னிப் போட்டார்கள். ஓலையும் நூலும் ஒரே மடியில் இருந்த வேலை அது. இடையில் மங்கிப்போன கொட்டானை விசாலாட்சி ராமசாமியின் எம்.ஆர்எம்.ஆர்எம். அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டது. இன்று செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கும் 2019-ல் கிடைத்துவிட்டது. ஓலை பிழைத்தது, தறியும் நிற்கிறது. மேலே போட்ட அந்தக் குரோஷா மட்டும் யாருடைய கணக்கிலும் வராமல் பெட்டிக்குள் இருக்கிறது.

இடத்துக்குப் பஞ்சமில்லை. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள் செட்டிநாட்டில் எத்தனையோ. அதில் ஒன்றின் முகப்பு போதும். (பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கற்பனைதானே, போட்டுவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம்.) இரண்டு பக்கமும் திண்ணை, காலுக்குக் குளிர்ச்சியாக ஆத்தங்குடிக் கல். நூல் அலமாரி உள்பக்கம், வெயில் நேராக விழாத இடத்தில்; வெயில் பட்டால் அடர்நிறம் வெளுத்துவிடும். ஆனால் நிறம் பார்க்க வேண்டுமென்றால் உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வரலாம். பகல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதே இந்தக் கடையில் சட்டம்.

அலமாரியில் என்ன இருக்கும்? கம்பளி கொஞ்சம்தான். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் அது சரி. சிவகங்கை மாவட்ட வெயிலில் கம்பளி ஸ்வெட்டரை யார் போடுவது? அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புகிறவர்களுக்காக ஒரு தட்டு, அந்துப்பூச்சி அண்டாமல் வேப்பிலை போட்டு. அக்ரிலிக் மலிவு, துவைக்கச் சுலபம், நிறமும் போகாது; ஆனால் வியர்வையை உறிஞ்சாது. பச்சைக் குழந்தைக்கு அக்ரிலிக் தொப்பி பின்னிப் போட்டுவிட்டு, ‘பிள்ளை ஏன் அழுகிறது’ என்று கேட்பதில் பயனில்லை. ஆகவே முக்கால் அலமாரி பருத்திதான். பருத்தி நூலுக்கு வேறு நாட்டைத் தேட வேண்டியதில்லை. கோவையும் திருப்பூரும் மதுரையும் பக்கத்தில்தானே இருக்கின்றன. குரோஷாவுக்கென்று பளபளப்பாக ஒரு நூல் வருமே, அது மெர்சரைஸ் செய்த பருத்தி. 1844-ல் ஜான் மெர்சர் என்ற இங்கிலாந்துக்காரர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்துப் பார்த்தபோது பிறந்தது அந்த முறை. நூலுக்குப் பலமும் கூடும், சாயமும் நன்றாகப் பிடிக்கும்.

ஒவ்வொரு தட்டிலும் கெட்டியான அட்டையில் எழுதித் தொங்கவிட வேண்டியது எடை அல்ல, நீளம். 100 கிராம் மெல்லிய நூல் 400 மீட்டர் ஓடும். தடித்த நூல் அதே 100 கிராமில் 100 மீட்டரோடு நின்றுவிடும். எடையை மட்டும் பார்த்து வாங்கிப் பாதியில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

ஊசிக்கு ஒரு மேஜை. இதில் நம்மவர்கள் பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. உலகம் முழுக்கப் பின்னல்காரர்கள் கையில் புழங்கும் ‘போனி’ ஊசிகள் நீலகிரியில், கேத்தி பக்கம் இருக்கும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலையில் செய்யப்படுகின்றன. 1949-ல் தொடங்கிய தொழிற்சாலை. இங்கிலாந்துப் பாட்டி ஒருத்தி தன் பேரனுக்கு ஸ்வெட்டர் பின்னும் ஊசி நம் மலையிலிருந்து போனதாக இருக்கலாம். நமக்கு மட்டும் 1.25 மில்லிமீட்டர் கொக்கி வேண்டுமென்றால் மூன்று கடை ஏற வேண்டியிருக்கிறது. கொத்தமங்கலம் கடையில் எல்லா அளவும் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஊசி நூலோடு கட்டிப்போட்டு, பின்னிப் பார்த்து வாங்குவதற்காக.

பின்னிப் பார்ப்பது என்பது பொழுதுபோக்கு அல்ல. பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு மாதிரி பின்னி, துவைத்து, காயவைத்து, எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ண வேண்டும். கணக்கில் 20 கண்ணி என்று போட்டிருக்கிறது, உங்கள் கை இறுக்கம், 22 வருகிறது என்று வையுங்கள். 90 சென்டிமீட்டர் மார்புச் சுற்றுக்கு 180 கண்ணி போட்டுப் பின்னிய ஸ்வெட்டர் 82 சென்டிமீட்டரில் வந்து நிற்கும். போட்டுக்கொள்ள வேண்டியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போட வேண்டும். மாதிரி பின்ன யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. கடையில் உட்கார இடமும் இலவசமாக நாலு மீட்டர் நூலும் கொடுத்தால் பின்னுவார்கள்.

அப்படி உட்காருகிற திண்ணைதான் இந்தக் கடையின் பாதி லாபம். கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி செல்போனில் படத்தைக் காட்டிக்கொண்டு வருகிறாள்.

“ஆச்சி, இது பின்ன எத்தனை உருண்டை வேணும்?”

“யாருக்கு ஆத்தா பின்னப்போறே?”

“அக்கா பிள்ளைக்கு. ஏழாம் மாசம் நடக்குது.”

“பிறக்கிறப்பவே போடணும்னு பின்னாதே. ஆறு மாசத்துக்கு ஆகுற மாதிரி பின்னு. நீ முடிக்கவும் அது வளரவும் சரியா இருக்கும்.”

இந்தப் பதிலை எந்த லேபிளிலும் அச்சடிக்க முடியாது. யூடியூபில் கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் எந்தக் கண்ணியில் தப்பு விட்டோம் என்று விரலை வைத்துக் காட்டுவதற்கு இன்னொரு விரல் வேண்டும். அந்த விரல்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. கடையை இன்னும் பத்து வருஷம் கழித்து வைத்தால், அலமாரி இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருக்குமா?

சிட்டமாக வாங்கினால் உருண்டையாகச் சுற்றிக் கொடுக்க ஒரு ராட்டையும் வேண்டும். கண்டாங்கி நெய்கிற குடும்பங்களில் நூல் சுற்றுவது தினப்படி வேலை. ராட்டை செய்யவும் பழுது பார்க்கவும் ஆள் தேட வேண்டியிருக்காது.

இனி பணக் கணக்கு. வாங்குகிறவர்களிடமிருந்து காசு வாங்குவதோடு ஒரு நூல்கடை நின்றுவிடக் கூடாது. பின்னி முடித்ததைக் கொண்டுவந்து கொடுத்தால் விற்றுக் கொடுக்கவும் வேண்டும். இதற்கு உலகத்தில் நல்ல முன்மாதிரி ஐஸ்லாந்தில் இருக்கிறது. அங்கே கைப்பின்னல்காரர்கள் 1977-ல் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். தலைநகர் ரேக்யவிக்கில் அவர்களுடைய கடையில் ஒரு பக்கம் நூல், இன்னொரு பக்கம் உறுப்பினர்கள் பின்னிய ஸ்வெட்டர். கடையே அவர்களுடையது.

எதிர்மாதிரியும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆந்திராவில் நரசாபூர் குரோஷா லேசுக்குப் பேர்போன ஊர். ஏற்றுமதி கோடிக்கணக்கில் வளர்ந்தபோதும், பின்னிய பெண்கள் ‘வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள்’ என்றே எண்ணப்பட்டார்கள், தொழிலாளிகள் என்று கணக்கிலேயே சேர்க்கப்படவில்லை என்று மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1982-ல் ஒரு புத்தகமே எழுதினார். நம் பக்கத்தில் இதற்கு முந்தைய கதை ஒன்று உண்டு. நாகர்கோவிலில் 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி லேஸ் வேலை சொல்லிக்கொடுத்தார். அதில் கிடைத்த கூலியைச் சேர்த்து, அடிமைகளாக இருந்த பெண்கள் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கியதாக மிஷன் வரலாறு சொல்கிறது. இரண்டும் லேஸ் வேலைதான். கூலி யார் கைக்குப் போனது என்பதில்தான் இரண்டு ஊர்களும் வேறுபடுகின்றன.

ஆகவே கொத்தமங்கலம் கடையில் விற்பனைக்கு வைக்கும் ஒவ்வொரு கொட்டான் உறையிலும் ஒரு சீட்டு தொங்கும். நூல் விலை இவ்வளவு, பின்ன ஆன மணி இவ்வளவு, மணிக்குக் கூலி இவ்வளவு என்று. ‘இத்தனூண்டு உறைக்கு இவ்வளவா?’ என்று கேட்கிறவர்கள் சீட்டைப் படித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வரிசை பின்னிப் பார்க்கலாம். அதற்குத்தான் நாலு மீட்டர் நூல் இலவசம்.

கடைசியாக, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பேரேடு. நகரத்தார் ஊரில் கணக்கெழுத யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இதில் எழுதுவது பணம் மட்டுமல்ல. யார், எந்தத் தேதியில், என்ன நிறம், எந்தச் சாய எண், எத்தனை உருண்டை, என்ன பின்ன. அவ்வளவும் ஒரு வரியில்.

அந்தத் தொட்டில் போர்வைக்காரர் ஒரு நாள் பதறிக்கொண்டு வருகிறார். லேபிளைப் பார்த்தால் அந்த லாட் கடையில் தீர்ந்து மாதம் மூன்றாகிவிட்டது. கடையிலிருக்கும் ஆச்சி பேரேட்டைப் புரட்டுகிறார். அதே சாய எண்ணில் ஏழு உருண்டை வாங்கியவர் கானாடுகாத்தானில் ஒருவர். சின்னச் சட்டைதான் பின்னினார், மீதி இருக்கலாம். போன் போடுகிறார்.

“இருக்கு ஆச்சி. ஒண்ணரை உருண்டை கிடக்கு. நாளைக்கு சந்தைக்கு வர்றப்ப கொண்டாரேன்.”