கண்ணாடிக்கு மெருகேற்றும் கறுப்புப் பிசின்

தொலைநோக்கிக்கான ஆறு அங்குல ஆடியை வீட்டிலேயே செய்பவர்கள் சிலிக்கான் கார்பைடு பொடியைத் தண்ணீரோடு சேர்த்துக் கண்ணாடி வட்டைத் தேய்த்துக் குழிவாக்குவார்கள். குழிவு வந்துவிடும், பரப்பு மட்டும் பால் நிறத்தில் மங்கிக் கிடக்கும். அதைப் பளபளப்பாக்க வேண்டும். அது போதாது, எங்குமே சுமார் 70 நானோமீட்டருக்கு மேல் மேடோ பள்ளமோ இல்லாதபடி சீராக்கவும் வேண்டும். இத்தனை நுணுக்கமான வேலையைச் செய்து தருவது பிட்ச். மரத் தாரிலிருந்தோ பெட்ரோலியத்திலிருந்தோ எடுக்கிற கறுப்புப் பிசின்.

சுத்தியலால் தட்டினால் பிட்ச் சில்லுச் சில்லாக உடையும். அதே கட்டியைக் கிண்ணத்தில் போட்டுவைத்தால் மெல்லப் படர்ந்து கிண்ணத்தின் வடிவத்துக்கு வந்துவிடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் ஒரு புனலில் ஊற்றிவைத்த பிட்ச்சிலிருந்து 2014 வரை விழுந்தவை ஒன்பதே சொட்டுகள். மெருகேற்றுபவருக்கு வேண்டியது இந்த இரட்டைக் குணம்தான். நிதானமாக அழுத்தினால் ஆடியின் வளைவுக்கு இணங்கிப்போகும். வேகமாகத் தேய்க்கும்போது கெட்டியாக நின்று மேடுகளை மட்டும் கரைக்கும். மெருகேற்றும் பொடியான சீரியம் ஆக்சைடின் துகள்கள் பிட்ச்சில் பாதி புதைந்து ஒரே மட்டத்தில் நிற்பதால் கீறலும் விழாது.

நியூட்டன் 1704இல் வெளியிட்ட ‘ஆப்டிக்ஸ்’ நூலிலேயே பிட்ச்சால் உலோக ஆடிக்கு மெருகேற்றுவதை விவரித்திருக்கிறார். பின்னாளில் யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், ஓர் ஆடியிலிருந்து 16 மணி நேரம் கையெடுக்காமல் வேலை பார்த்தாராம். தங்கை கரோலின்தான் சோறூட்டியிருக்கிறார்.

இனி அடுப்படி வேலை. பழைய பாத்திரம், மின் அடுப்பு, திறந்தவெளி. பிட்ச் தீப்பற்றும் என்பதால் நெருப்பு கூடாது. உருகியதில் ஒரு சொட்டைத் தண்ணீரில் ஆறவிட்டுக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பார்கள். மெல்லப் பதிந்தால் பதம் சரி. நொறுங்கினால் துளி டர்ப்பன்டைன் சேர்க்க வேண்டும். குளிர்நாட்டுக்காரர் சொல்லும் பதத்தை நம் மே மாத வெக்கையில் நம்பக் கூடாது. இங்கே இன்னும் கெட்டியான ரகம் வேண்டும்.

ஆடியின் அளவுக்கே வார்த்த பிளாஸ்டர் வட்டின் விளிம்பில் டேப் சுற்றி, ஐந்தாறு மில்லிமீட்டர் உயரத்துக்குப் பிட்ச்சை ஊற்றி, அது இறுகத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான நீரில் சூடேற்றிய ஆடியில் சீரியம் ஆக்சைடு கரைசலைத் தாராளமாகப் பூசிப் பிட்ச்சின்மேல் வைத்து அழுத்த வேண்டும். ஆடியை நகர்த்திக்கொண்டே இருப்பது முக்கியம்; நின்றால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

அடுத்து, சாக்லேட் கட்டி போலப் பிட்ச் பரப்பைச் சதுரம் சதுரமாகப் பிரித்து வாய்க்கால் வெட்டுவார்கள். அழுத்தும்போது பிட்ச் விலக இடம் வேண்டும். கரைசலும் உள்ளே போய்வர வேண்டும். வட்டின் நடுப்புள்ளி ஒரு சதுரத்தின் மையத்திலோ, வாய்க்கால்கள் சந்திக்கும் இடத்திலோ விழக்கூடாது. விழுந்தால் அந்த ஒழுங்கே ஆடியில் வளையம் வளையமாகப் பதிந்துவிடும். ஆடிக்குக் கடைசியில் பரவளைய வடிவம் வருமா என்று கவலைப்படும் பலர் இந்த இடத்தில்தான் அசட்டையாக இருக்கிறார்கள்.

ஒவ்வொரு முறை தொடங்கும் முன்னும் ஆடியை வட்டின்மேல் கரைசலோடு வைத்து, எடையேற்றிக் கொஞ்ச நேரம் விட்டுவிட வேண்டும். பின்பக்கக் கண்ணாடி வழியே பார்த்தால், ஒட்டியிருக்கும் சதுரங்கள் கருமையாகவும் ஒட்டாதவை வெளிறியும் தெரியும். எல்லாம் கருத்த பிறகே தேய்க்கலாம். தேய்க்கத் தேய்க்க வாய்க்கால்கள் தூர்ந்துகொண்டே வரும். அவற்றை மறுபடி வெட்டி, மறுபடி அழுத்தி வைக்க வேண்டியதுதான்.