உங்களுக்குத் தெரியுமா? தென்னாட்டுப் பாளையங்களின் ஐக்கியம்

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள கோம்பை, மதுரை நாயக்கர் காலத்து 72 பாளையங்களுள் ஒன்றாகச் சொல்லப்படும் பழம்பதியாகும். கோட்டையும் படையும் தனித்தனியே கொண்ட இத்தகைய பாளையங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒவ்வொன்றாக அடக்கிவந்த நாளில், தென்னாட்டு வீரர்கள் பரஸ்பர ரக்ஷணைக்காக ஒன்றுபட்ட சரித்திரம் போற்றத்தக்கது.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்து, அதே ஆண்டில் கயத்தாற்றில் கட்டபொம்மனும் தூக்கிலிடப்பட்ட காலத்தையொட்டி, விருப்பாட்சி கோபால நாயக்கர், மணப்பாறை லட்சுமி நாயக்கரையும், இன்றைய தேனி மாவட்டத்துத் தேவதானப்பட்டியின் பூஜை நாயக்கரையும் சேர்த்துத் திண்டுக்கல் கூட்டணியை அமைத்ததோடு நில்லாமல், சிவகங்கை மருது சகோதரர்களுடனும், கன்னட நாட்டில் போராடிய தூந்தாஜி வாக்குடனும் உறவு பூண்டார்.

1800 ஜூன் 3-இல் கோயம்புத்தூரிலிருந்த கம்பெனிப் படையைத் தாக்கக் கூட்டணியினர் வகுத்த திட்டம் முறிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் தூந்தாஜியும் போர்க்களத்தில் மாண்டார். எனினும் மனந்தளராத சின்ன மருது, 1801 ஜூன் 16-இல் வெளியான திருச்சிராப்பள்ளிப் பிரகடனத்தின் வாயிலாக, சாதி மத பேதமின்றி ஜம்புத்வீப (இந்திய நாட்டு) வாசிகள் அனைவரும் அந்நியரை எதிர்த்துத் திரண்டெழ வேண்டுமென அறைகூவினார்.

ஆனால் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு, 1801 அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். தொலைவில் பிரிந்து கிடந்த நேசப்படைகள் ஒரே வேளையில் எழ இயலாமற்போனதே இவ்வைக்கியத்தின் பெருங்குறை. ஆயினும், 1857-க்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, பாஷையும் சமயமும் வேறான மக்கள் பொதுப்பகைவனுக்கு எதிராகக் கைகோத்தனர் என்பது தென்னாட்டின் அழியாப் பெருமையாகும்.